விதி எல்லாருக்கும், விலக்கு ஒருத்தருக்கு

1

முதல் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் இராணுவத்தில் அதிகாரியாக வேண்டுமென்றால் ஒரு கேள்விக்குப் பதில் எழுதியாக வேண்டும். கலப்பில்லாத ஐரோப்பிய வம்சாவளியா, இல்லையா? விண்ணப்பப் படிவத்திலேயே அச்சடித்து வச்சிருந்தான். படிப்பு, உடம்பு, துணிச்சல் எல்லாம் இருந்தாலும் இந்த ஒரு கட்டத்தில் 'ஆம்' என்று எழுத முடியாதவனுக்கு அதிகாரிப் பட்டை கிடையாது. அவன் துப்பாக்கி தூக்கலாம், பதுங்குகுழி வெட்டலாம், சாகலாம். வெள்ளைக்காரனுக்கு உத்தரவு போடுவது மட்டும் கூடாது.

இந்த விதி இருந்தபோதே, 1917 மே 30 அன்று ஒரு கறுப்பர் செகண்ட் லெப்டினன்டாக நியமிக்கப்பட்டார். பெயர் வால்டர் டல். போருக்கு முன்னால் டாட்டன்ஹாம், நார்தாம்டன் அணிகளில் கால்பந்து ஆடியவர். அதிகாரியாகிப் பத்து மாதம் முழுசாக முடிவதற்குள், 1918 மார்ச் 25 அன்று, பிரான்சில் குண்டு பட்டு இறந்தார். வயது 29.

இன்றைக்கு இங்கிலாந்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. நாணயம் அடித்திருக்கிறார்கள். விதியை உடைத்த வீரர் என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்த இடத்தில்தான் கேள்வி வருகிறது. விதி உடைந்ததா? அல்லது ஒரு ஆளை மட்டும் உள்ளே விட்டுவிட்டுக் கதவைத் திரும்பவும் சாத்திக் கொண்டார்களா? வால்டர் டல்லுடைய வாழ்க்கையை இந்தக் கேள்வியோடு படித்தால்தான் அது நமக்குப் பயன்படும். இல்லையென்றால் அது இன்னொரு தியாகி கதையாகிப் போகும். தியாகி கதைக்கு நம்மிடம் பஞ்சமில்லை.

2

வால்டருடைய அப்பா டேனியல் டல், பார்படோஸ் தீவிலிருந்து வந்தவர். தச்சுத் தொழிலாளி. அவருடைய அப்பா அம்மா கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்கள். 1830-களில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தபோது தோட்ட முதலாளிகளுக்கு நஷ்ட ஈடு கொடுத்தது பிரிட்டிஷ் அரசு. அடிமைகளுக்கு ஒரு காசு கொடுக்கவில்லை. ஆளை இழந்தவனுக்கு ஈடு, ஆளாகவே மதிக்கப்படாதவனுக்கு ஒன்றுமில்லை.

டேனியல் 1876-இல் கப்பலேறி கென்ட் மாவட்டக் கடற்கரை ஊரான ஃபோக்ஸ்டனுக்கு வந்தார். ஆலிஸ் பால்மர் என்ற உள்ளூர் வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். அந்த வீட்டில் 1888 ஏப்ரல் 28 அன்று பிறந்தவர் வால்டர். 1895-இல் அம்மா இறந்தார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ஆலிஸின் ஒன்றுவிட்ட சகோதரி கிளாராவை டேனியல் மணந்தார். 1897-இல் டேனியலும் போய்விட்டார். கிளாராவிடம் அத்தனை பிள்ளைகளுக்கும் கஞ்சி ஊற்ற வழியில்லை. வால்டரையும் அவருக்கு இரண்டு வயது மூத்த எட்வர்டையும் 1898-இல் லண்டனின் கிழக்குப் பகுதியான பெத்னல் கிரீனில் மெதடிஸ்ட் சபை நடத்திய அநாதை இல்லத்தில் சேர்த்தார்கள்.

இரண்டு வருஷத்தில் அண்ணன் தம்பியும் பிரிந்தார்கள். இல்லத்துப் பாட்டுக் குழுவோடு ஸ்காட்லாந்து போன எட்வர்டை கிளாஸ்கோவில் வார்னாக் என்ற குடும்பம் தத்தெடுத்தது. எட்வர்ட் பிற்காலத்தில் பல் மருத்துவரானார். வால்டர் இல்லத்திலேயே இருந்து அச்சுத்தொழில் கற்றுக்கொண்டார். பந்தாட்டமும் அந்த இல்லத்து அணியில்தான் ஆரம்பித்தது. குடும்பம், சொத்து, சிபாரிசு எதுவுமில்லாத ஒரு பையனுக்குக் காலும் பந்தும்தான் முதல்.

3

1908-இல் கிளாப்டன் என்ற அமெச்சூர் அணியில் சேர்ந்தார். அந்த ஒரே பருவத்தில் அந்த அணி மூன்று கோப்பைகளை வென்றது, எஃப்.ஏ. அமெச்சூர் கோப்பை அதில் ஒன்று. 1909-இல் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் அவரை எடுத்துக்கொண்டது. சேருவதற்கு 10 பவுண்டு, வாரச் சம்பளம் 4 பவுண்டு. அந்தக் காலத்தில் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்க அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பே அதுதான். அந்தக் கோடையில் அணியோடு அர்ஜென்டினாவுக்கும் உருகுவேக்கும் போய் ஆடிவிட்டு வந்தார். செப்டம்பரில் முதல் டிவிஷன் ஆட்டத்தில் இறங்கினார்.

அக்டோபரில் பிரிஸ்டல் நகரத்தில் ஆட்டம். பிரிஸ்டல் நகரம் எப்படி வளர்ந்த நகரம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆப்பிரிக்க அடிமைகளை ஏற்றிய கப்பல்களில் போட்ட பணம் திரும்பி வந்து கட்டின ஊர் அது. பார்படோஸ் அடிமையின் பேரன் அந்த ஊர் மைதானத்தில் பந்தோடு ஓடுகிறார். கூட்டத்தில் ஒரு பகுதி அவருடைய நிறத்தைச் சொல்லிக் கத்துகிறது. அங்கே வந்திருந்த ஒரு பத்திரிகைக்காரர் இதை மூடி மறைக்காமல் எழுதினார். மீன் மார்க்கெட் பேச்சைவிடக் கேவலமாக இருந்தது என்றார் (மீன் விற்கிறவர்களை எதுக்கு இழுத்தாரோ தெரியவில்லை). களத்தில் இருந்த முன்கள ஆட்டக்காரர்களில் டல்தான் சிறந்தவர் என்றும், மனசிலும் ஆட்டத்திலும் அவ்வளவு சுத்தமான ஆள், எல்லா வெள்ளை ஆட்டக்காரர்களுக்கும் அவர் முன்மாதிரி என்றும் எழுதினார்.

நல்ல மனுஷர். சும்மா சொல்லக்கூடாது. ஆனால் அந்தப் பாராட்டையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். வெள்ளையர்களுக்கே முன்மாதிரி என்றால்தான் ஒரு கறுப்பர் வசவுக்குத் தகுதியில்லாதவர் ஆகிறார். சாதாரணமாக ஆடுகிற, கோபம் வருகிற, சில நாள் சொதப்புகிற ஒரு கறுப்பரைத் திட்டினால் அது தப்பில்லையா? 'அவரு ரொம்ப சுத்தமா இருப்பாரு, நம்மளப் போலவே இருப்பாரு' என்று நம்மில் ஒருத்தரைப் பற்றி ஊர்க்காரர் சான்றிதழ் கொடுப்பதைக் கேட்டவர்களுக்கு இது புரியும்.

அதற்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். கொஞ்ச நாளிலேயே வால்டர் முதல் அணியிலிருந்து இறக்கப்பட்டு ரிசர்வ் அணிக்குப் போனார். டாட்டன்ஹாம் முதல் அணிக்காக மொத்தம் 10 லீக் ஆட்டங்கள், 2 கோல். திட்டு வாங்கினவர்தான் இடம் மாற வேண்டியிருந்தது. 1911 அக்டோபரில் நார்தாம்டன் டவுன் அணி அவரை விலைக்கு வாங்கியது. அப்போது அந்த அணியின் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன். பின்னாளில் ஆர்சனல் அணியைப் பெரிய அணியாக்கியவர். தெற்கு லீகில் ஆடிய அந்த அணியில்தான் வால்டருக்கு மரியாதையான இடம் கிடைத்தது. நடுக்கள ஆட்டக்காரராக மாறி நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடினார்.

அதே 1911-இன் கோடையில் இங்கிலாந்து மைதானங்களில் நம் ஆள் ஒருத்தர் பந்து போட்டுக்கொண்டிருந்தார். பல்வங்கர் பாலு. சாமர் சாதியில் பிறந்து, புனேயில் வெள்ளையர் கிளப்பில் ஆடுகளத்தைப் பராமரிக்கும் கூலியாக வேலை பார்த்துப் பந்துவீசக் கற்றவர். பாட்டியாலா மகாராஜா தலைமையில் போன இந்திய அணியில், அந்தச் சுற்றுப்பயணத்தில் மட்டும் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். ஊரில் அவருடைய இந்து அணிக்காரர்கள் அவருக்குத் தேநீரைப் பெவிலியனுக்கு வெளியே, மண் குவளையில் கொடுத்தார்கள். விக்கெட் எடுக்க அவர் கை வேண்டும். ஆனால் இந்து அணிக்கு அவரைக் கேப்டனாக்க மட்டும் கடைசிவரை மனசு வரவில்லை. அவர் தம்பி விட்டலுக்குத்தான் 1923-இல் அந்த இடம் கிடைத்தது. நிறமோ சாதியோ, கணக்கு ஒன்றுதான். வேலை செய்யலாம், தலைமை தாங்கக் கூடாது. இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொண்டு பட்டாளத்துக்குப் போவோம்.

4

1914 ஆகஸ்டில் போர் தொடங்கியது. நாடே சாகப் போகும்போது பந்தாட்டம் என்ன வேண்டியிருக்கிறது என்று மேட்டுக்குடிப் பத்திரிகைகள் ஆட்டக்காரர்களைக் கேவலப்படுத்தின. அந்த நெருக்கடியில் டிசம்பரில் மிடில்செக்ஸ் ரெஜிமென்டில் 17-ஆவது பட்டாலியன், 'கால்பந்துப் பட்டாலியன்' என்ற பெயரில் உண்டாக்கப்பட்டது. நார்தாம்டன் அணியிலிருந்து அதில் முதலில் போய்ச் சேர்ந்தவர் வால்டர்.

1915 நவம்பரில் பிரான்ஸ் போனார். சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து சார்ஜென்ட் நிலைக்கு உயர்ந்தார். ஆறு மாதம் பதுங்குகுழியில், ஓயாத பீரங்கிச் சத்தத்தில் கிடந்த பிறகு 1916 மே மாதம் மனநிலை குலைந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டார். கடுமையான பித்து என்று எழுதி வைத்தார்கள். வீரர் கதை எழுதுகிறவர்கள் இந்த இடத்தை ஒரு வரியில் தாண்டிப் போகிறார்கள். எனக்கு இதைத் தாண்ட மனசில்லை. ஒன்பது வயசுக்குள் அம்மா அப்பா இருவரையும் இழந்து, பிறகு அண்ணனையும் பிரிந்து, ஆயிரக்கணக்கான பேர் நிறத்தைச் சொல்லிக் கத்துவதைக் கேட்டுக்கொண்டே ஆடிய மனுஷனையும் அந்தப் பீரங்கிச் சத்தம் உடைத்தது. வீரன் என்றால் உடையாதவன் என்று அர்த்தமில்லை.

குணமாகி அதே ஆண்டு செப்டம்பரில் திரும்பவும் பிரான்ஸ் போனார். சோம் நதிப் போரின் கடைசி மாதங்களில் 23-ஆவது பட்டாலியனில் இருந்தார். டிசம்பரில் பதுங்குகுழிக் காய்ச்சல் வந்து ஊருக்கு அனுப்பப்பட்டார். அதற்குள் அதிகாரிகள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். ஆள் தேவை. அவருடைய மேலதிகாரிகள் வால்டரை அதிகாரிப் பயிற்சிக்குச் சிபாரிசு செய்தார்கள். ஸ்காட்லாந்தில் பயிற்சி. 1917 மே 30 அன்று நியமனம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிரிட்டிஷ் இராணுவத்தின் முதல் கறுப்பு அதிகாரி வால்டர் டல் என்று ரொம்ப நாள் எழுதி வந்தார்கள். அது சரியில்லை என்று பிற்பாடு தெரிய வந்தது. ஜமைக்காவில் பிறந்த ஜார்ஜ் பெமண்ட் என்ற கலப்பின மாணவர் 1915-லேயே பீரங்கிப் படையில் செகண்ட் லெப்டினன்ட் ஆகியிருக்கிறார். 1916 டிசம்பரில் பிரான்சில் கொல்லப்பட்டார். படிவத்தில் அந்தக் கேள்விக்கு அவர் 'ஆம்' என்று எழுதியிருந்தார். கலப்பில்லாத ஐரோப்பியர்தான் என்று. பொய்தான். ஆனால் யாருடைய பொய்? கேள்வி கேட்டவனுடைய பொய்யா, பதில் எழுதினவனுடைய பொய்யா? சாதிப் பெயரை மாற்றிச் சொல்லி வாடகைக்கு வீடு பிடித்த எத்தனையோ பேர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை நோக்கி விரல் நீட்ட நான் தயாராக இல்லை.

வால்டரால் அப்படி மறைத்திருக்க முடியாது. கால்பந்து பார்த்த இங்கிலாந்துக்கே அவர் யார் என்று தெரியும். அவருடைய நிறத்தைத் தெரிந்துகொண்டே நியமித்தார்கள். அதுதான் அவருடைய நியமனத்தின் தனித்தன்மை.

1917 நவம்பரில் பட்டாலியன் இத்தாலிக்குப் போனது. பியாவே ஆறு. குளிர்காலம், வேகமான நீரோட்டம், எதிர்க்கரையில் எதிரிப் படை. 1918 புத்தாண்டையொட்டி, 26 பேரைக் கூட்டிக்கொண்டு இரவில் ஆற்றைக் கடந்து போய், ஒருத்தரையும் இழக்காமல் திரும்பக் கூட்டி வந்தார். தீரத்துக்கும் நிதானத்துக்கும் மேஜர் ஜெனரல் லாஃபோர்ட் அவரைப் பாராட்டினார். அந்த 26 பேரும் ஒரு கறுப்பர் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு இருட்டில் ஆற்றில் இறங்கினவர்கள். கறுப்பன் உத்தரவிட்டால் வெள்ளைச் சிப்பாய் கீழ்ப்படிய மாட்டான், ஒழுங்கு கெட்டுப் போகும் என்பதுதான் அந்த விதிக்குச் சொல்லப்பட்ட நியாயம். அந்த நியாயம் பியாவே ஆற்றோடு போச்சு.

மார்ச் மாதம் பட்டாலியன் பிரான்சுக்குத் திரும்பியது. மார்ச் 21 அன்று ஜெர்மானியர்களின் பெருந்தாக்குதல் தொடங்கியது. 25 அன்று ஃபாவ்ரே என்ற ஊருக்குப் பக்கத்தில் பின்வாங்கும்போது வால்டர் சுடப்பட்டார். முன்பு லெஸ்டர் அணியின் கோல் காப்பாளராக இருந்த பில்லிங்ஹாம் என்ற சிப்பாய், குண்டு மழைக்கு நடுவில் அவரைத் தூக்கி வரப் பார்த்தார். முடியவில்லை. உடல் கிடைக்கவேயில்லை. அராஸ் நினைவுச் சுவரில், கல்லறை இல்லாத முப்பத்தி நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களோடு அவர் பெயரும் இருக்கிறது.

5

இப்போது ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். விதி உடைந்ததா?

அதே 1918. அதே இத்தாலி. அதே பிரிட்டிஷ் இராணுவம். தெற்கே டரான்டோ துறைமுகம். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து தாமாகவே முன்வந்து சேர்ந்த கறுப்பர்களின் 'பிரிட்டிஷ் வெஸ்ட் இண்டீஸ் ரெஜிமென்ட்' பட்டாலியன்கள் அங்கே கொண்டு வரப்பட்டிருந்தன. வால்டருடைய அப்பா பிறந்த பார்படோஸ் தீவு இளைஞர்களும் அந்த ரெஜிமென்டில் உண்டு. மேற்குப் போர்முனையில் இவர்கள் கையில் பெரும்பாலும் துப்பாக்கியைக் கொடுக்கவில்லை. குண்டு சுமக்கவும் சாலை போடவும் விட்டார்கள். மற்ற பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குக் கொடுத்த சம்பள உயர்வு இவர்களுக்கு இல்லை என்றார்கள். போர் முடிந்ததும் டரான்டோவில் என்ன வேலை கொடுத்தார்கள் தெரியுமா? மற்றவர்களின் கக்கூஸைக் கழுவுவது. துணி துவைப்பது.

நமக்கு விளக்கம் தேவையில்லை. எந்தக் கண்டத்துக்குப் போனாலும் கடைசியில் அந்த வாளியைத்தான் கையில் கொடுக்கிறான்.

1918 டிசம்பர் 6 அன்று 9-ஆவது பட்டாலியன் கலகம் செய்தது. 180 சார்ஜென்ட்கள் கையெழுத்துப் போட்டு மனு அனுப்பினார்கள். சம்பள உயர்வு மறுக்கப்பட்டதும், கறுப்பர்களுக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட்டதும்தான் அதில் இருந்த குறை. வால்டர் டல் அதிகாரியாகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. கலகக்காரர்கள் சிறையில் போடப்பட்டார்கள். ஒருத்தர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த முகாமிலேயே சார்ஜென்ட்கள் கூடி 'கரீபியன் லீக்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தீவுகள் தங்களைத் தாங்களே ஆள வேண்டும் என்ற பேச்சு அங்கே எழுந்தது. ஊர் திரும்பிய பலர் பின்னால் தொழிலாளர் போராட்டங்களில் முன் நின்றார்கள்.

சரி, இங்கிலாந்தில்? 1939-இல் அடுத்த உலகப்போர். லண்டனில் ஹெரால்ட் மூடி என்ற ஜமைக்காக் கறுப்பு டாக்டர் இருந்தார். நிறத்தைக் காரணம் காட்டி ஆஸ்பத்திரி வேலை மறுக்கப்பட்டவர். 1931-இல் நிற மக்கள் சங்கத்தைத் தொடங்கியவர். அவர் மகன் அருண்டெல் அதிகாரி வேலைக்குப் போனார். கலப்பில்லாத ஐரோப்பிய வம்சாவளி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வால்டர் டல் செத்து 21 வருஷம் ஆகியிருந்தது. பியாவே ஆறு, தீரம், நிதானம், எல்லாம் நடந்து முடிந்திருந்தது. விதி அப்படியே உட்கார்ந்திருந்தது!

மூடி சும்மா விடவில்லை. சங்கத்தைக் கூட்டினார், மனு எழுதினார், மேற்கு ஆப்பிரிக்க மாணவர்களையும் மற்ற அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டார். 1939 அக்டோபரில் அரசு இறங்கி வந்தது. போர் முடியும்வரை மட்டும் இந்தத் தடை இல்லை என்று அறிவித்தது. அருண்டெல் மூடி அதிகாரியானார். போருக்குப் பிறகுதான் தடை நிரந்தரமாக நீங்கியது.

ஆகவே என் கேள்விக்கு என் பதில் இதுதான். ஒருத்தருடைய வீரம் அந்த விதியை உடைக்கவில்லை. அமைப்பாகத் திரண்டவர்களின் சண்டைதான் உடைத்தது. இதைச் சொல்வதால் வால்டர் சின்னவராகி விடமாட்டார். அவரை நூறு கறுப்பர்களுக்குக் கிடைக்காத ஒரு இடத்தில் நிறுத்தினார்கள். அந்த இடத்தில் அவர் தலைநிமிர்ந்து நின்றார். ஆனால் அவர் ஒருத்தரைக் காட்டி மற்றவர்களின் வாயை அடைக்க விடக்கூடாது. ஒரு கலெக்டரை, ஒரு நீதிபதியைக் காட்டி, 'இப்ப எங்கப்பா இருக்கு சாதி?' என்று நம்மிடம் கேட்கிறவன் இதைத்தான் செய்கிறான்.

நம் வரலாறும் இதையே சொல்கிறது. பிரிட்டிஷ்காரனுக்காகத் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்ட மகர்களை, போர்க்குணமுள்ள இனம் இல்லையென்று சொல்லி 1890-களில் இராணுவத்தில் சேர்ப்பதை நிறுத்தினான். 1910-இல் சிவராம் ஜன்பா காம்ப்ளே தலைமையில் மகர்கள் மனுக் கொடுத்தார்கள். முதல் உலகப்போரில் ஆள் பற்றாக்குறை வந்தபோது ஒரு மகர் பட்டாலியனை உண்டாக்கினான். போர் முடிந்ததும் கலைத்தான். 1941-இல், அம்பேத்கர் விடாமல் வற்புறுத்திய பிறகுதான், மகர் ரெஜிமென்ட் உருவானது. ஆள் தேவைப்படும்போது விலக்கு, தேவை தீர்ந்ததும் விதி. ஆட்சியாளர்களின் பழக்கம் இது.

6

வால்டர் டல் இறந்த பிறகு ஏறக்குறைய எண்பது வருஷம் அவரை யாரும் பேசவில்லை. ஃபில் வசிலி என்ற ஆய்வாளர், கறுப்புக் கால்பந்தாட்டக்காரர்களின் வரலாற்றை 1990-களில் தோண்டி எடுத்தபோதுதான் அவர் பெயர் வெளியே வந்தது. 1999-இல் நார்தாம்டன் மைதானத்துக்குப் பக்கத்தில் நினைவுச்சின்னம் வைத்தார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1997-இல்தான் ஆர்தர் வார்ட்டனுடைய புதைகுழிக்கு ஒரு கல் கிடைத்தது. இன்றைய கானாவில் பிறந்து, 1880-களில் நூறு கஜ ஓட்டத்தில் சாதனை படைத்து, தொழில்முறைக் கால்பந்து ஆடி, கடைசியில் நிலக்கரிச் சுரங்கத்தில் கூலியாகி, 1930-இல் பெயர்க் கல்கூட இல்லாத குழியில் புதைக்கப்பட்டவர் அவர். இவர்களைத் திரும்பக் கொண்டு வந்தது அரசாங்கம் இல்லை. ஆய்வாளர்களும், இனவெறிக்கு எதிராக வேலை செய்த இயக்கக்காரர்களும்தான். அரசாங்கம் நாணயத்தோடு அப்புறமாக வந்தது.

பதக்க விஷயம் இன்னும் தீரவில்லை. வால்டர் இறந்ததும் உடனிருந்த அதிகாரி ஒருவர் எட்வர்டுக்கு எழுதிய கடிதத்தில், மிலிட்டரி கிராஸ் பதக்கத்துக்கு வால்டர் சிபாரிசு செய்யப்பட்டிருந்தார் என்று இருக்கிறது. பதக்கம் வரவில்லை. 2018-இல், அவர் இறந்து நூறு ஆண்டு ஆனபோது, நாடாளுமன்ற உறுப்பினர்கள் நூறு பேருக்கு மேல் கையெழுத்திட்டுப் பதக்கம் கேட்டார்கள். சிபாரிசுத் தாள் கிடைக்கவில்லை என்பது அரசுத் தரப்பு சொல்லி வந்த பதில். யாருடைய தாள்கள் தொலைகின்றன என்பதும் வரலாறுதான்.

பதக்கம் கொடுக்கட்டும். கொடுக்க வேண்டும். ஆனால் சிலைக்குக் கீழே எழுதுகிற வாசகத்தில் எனக்கு ஒரு வரி குறைகிறது. 1917-இல் இவரை அதிகாரியாக்கிய இதே இராணுவம், 1918-இல் இவருடைய அப்பா ஊர்ப் பையன்களைக் கக்கூஸ் கழுவச் சொன்னது. 1939-இல் இவரைப் போன்ற இன்னொரு பையனைத் திருப்பி அனுப்பியது. அந்த வரியை அவர்கள் எழுத மாட்டார்கள். மாணவர்களும் எழுதுகிறவர்களும் படிக்கிற பக்கம் இது என்பதால் கேட்கிறேன். நம் ஊரில் 'முதல் ஆள்' என்று மாலை போடப்படுகிற ஒவ்வொருத்தருக்கும் பின்னால், அவருக்கு முந்தியும் பிந்தியும் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் பட்டியலையும், அந்தக் கதவைத் தள்ளின சங்கங்களின் பெயரையும் நாம் தேடி எழுத வேண்டும். ரிஜிஸ்டர்கள், மனுக்கள், பழைய கடிதங்கள் இன்னும் சில வீடுகளில் கிடக்கின்றன. கரையான் அரிப்பதற்குள் எடுக்க வேண்டும்.